நாலு சுரைக்காய், ஒரு குடுக்கை

முதல் காயைப் பறித்த பதினெட்டாம் நாள் கையில் எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. வெளித்தோற்றத்தில் ஒன்றும் தெரியவில்லை. பச்சையும் பழுப்புமாக, கயிற்றில் சமர்த்தாகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. விரலை இழுத்தபோது கூடவே கொழகொழவென்று வந்ததை விவரிக்க வேண்டாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எனக்கு அது குடுக்கைக்கும் உதவவில்லை. காய வைப்பது எப்படி என்று கிடைத்ததை எல்லாம் படித்துவிட்டுத்தான் அந்தக் காயைப் பறித்திருந்தேன்.

ஆசை பெரிதில்லை. தண்ணீர் வைத்துக் குடிக்க ஒரு சுரைக்குடுக்கை வேண்டும். அதை விதையிலிருந்து நானே செய்ய வேண்டும். ஒரே கொடி, அதில் நாலு காய். ஒன்று அழுகியது, ஒன்று விரிந்தது, ஒன்றை வாளியில் ஊறப்போட்டேன், ஒன்றைத் தொடாமல் விட்டேன். நாலையும் பற்றி எழுதி வைக்கிறேன்.

விதை வாங்கும்போதே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சமையலுக்கு வளர்க்கும் நீள வகைகளின் ஓடு பெரும்பாலும் மெல்லியது. முற்றவிட்டாலும் காயும்போது சுருங்கும். குடுக்கைக்குக் குண்டு வயிறும் ஒடுங்கிய கழுத்தும் உள்ள, ஓடு தடித்த வகை வேண்டும். இன்னொரு குழப்பமும் உண்டு. ஆங்கிலத்தில் கலபாஷ் என்ற ஒரே பெயர் இரண்டு செடிகளுக்கு ஓடுகிறது. ஒன்று நம் சுரைக்கொடி. மற்றது அமெரிக்க வெப்பமண்டலத்து மரம். நாம் திருவோட்டு மரம் என்போமே, அது. அதன் காய் அடிமரத்திலேயே காய்க்கும், அதன் ஓட்டிலும் கிண்ணம் செய்கிறார்கள். உறவே இல்லாத இரண்டு செடிகள். ஒன்றுக்கான செய்முறையைப் படித்து மற்றதற்குச் செய்தால் வீண்தான். நான் அரை நாள் அப்படி வீணாக்கினேன்.

விதையின் தோல் கெட்டி. ஓரத்தை நகவெட்டியால் லேசாகக் கிள்ளி, ஓர் இரவு ஊறவைத்து நட்டேன். ஒன்பதாம் நாள் முளைத்தது. கொடி மூன்று மீட்டர் ஓடியதும் நுனியைக் கிள்ளிவிட்டேன். தாய்க்கொடியில் ஆண்பூதான் அதிகம் வரும். பெண்பூ பக்கக் கொடிகளில் வரும். சுரைப்பூ வெள்ளை, சாயங்காலம்தான் விரியும். அதைத் தேடி வருவது அந்துப்பூச்சி. என் கொடிக்கு அவை வந்த மாதிரி தெரியவில்லை. அடியில் குட்டிக் காயோடு விரிந்த பூக்களில் முதல் ஆறும் மஞ்சளாகி உதிர்ந்தன. அப்புறம் இருட்டும் நேரத்தில் ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் நானே தடவினேன். அப்படி நின்றவைதான் இந்த நாலு.

பந்தலில் தொங்கினால் கழுத்து நேராக வரும். தரையில் கிடந்தால் கழுத்து வளையும், அடி தட்டையாகும். இந்தக் குணத்தைச் சீனாவில் ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள்: பிஞ்சைச் சித்திரம் வெட்டிய அச்சுக்குள் வைத்துவிட்டால், காய் பருக்கும்போது அந்தச் சித்திரம் தோலில் ஏறிவிடும். அப்படி வளர்த்த சுரையில் பாட்டுப் பாடும் சிள்வண்டுகளை வளர்க்கும் சின்னக் கூடுகள் செய்தார்கள். நான் செய்தது, ஒரு காயை மட்டும் தரைக்கு இறக்கி, அடியில் பலகை வைத்தது. அது நிமிர்ந்து உட்காரும் என்று நம்பினேன். உட்கார்ந்தது, கொஞ்சம் சாய்ந்தபடி.

இனி பறிக்கும் பதம். என் முதல் தப்பு இங்கேதான். காய் முழு அளவுக்கு வந்துவிட்டால் முற்றிவிட்டது என்று நினைத்தேன். இல்லை. சுரை சில வாரங்களிலேயே முழு உருவம் எடுத்துவிடும். ஓடு மரமாக இறுகுவது அதற்குப் பிறகுதான். நகத்தால் அழுத்தினால் தடம் விழக் கூடாது. காம்பு பழுப்பாகி உலர்ந்திருக்க வேண்டும். காம்புக்குப் பக்கத்துப் பற்றுக்கம்பியும் காய்ந்திருக்க வேண்டும். இதிலெல்லாம் குழப்பமாக இருந்தால் கொடியே காயும்வரை விட்டுவிடலாம், எதுவும் கெடாது. முதல் காயில் நகம் லேசாக இறங்கியது. "லேசாகத்தானே" என்று பறித்தேன். மீதி மூன்றும் கொடியிலேயே இன்னும் ஆறு வாரம் இருந்தன. பறிக்கும்போது காம்பு ஐந்து செ.மீ. நீளமாவது இருக்க வேண்டும். காம்பு முறிந்த இடம் வழியாகத்தான் அழுகல் நுழையும்.

இரண்டாவது காயை நிழலில், காற்றோட்டத்தில் தொங்கவிட்டேன். பன்னிரண்டாம் நாள் மேலே கறுப்பும் சாம்பலுமாகப் பூஞ்சணம். முதல் காயை இழந்த பயம் வேறு. கத்தியின் மொட்டைப் பக்கத்தால் மேல்தோல் முழுவதையும் சுரண்டி, கழுவித் துடைத்து, சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைத்தேன். சுரைக்காயிலிருந்து தண்ணீர் வெளியேறும்போது மேலே பூஞ்சணம் வருவது இயல்பு. ஓடு இறுகியிருந்தால் அது தோலோடு நின்றுவிடும். அழகான கறுப்புத் தேமலாகக் கடைசிவரை தங்கும், அதை விரும்புகிறவர்களும் உண்டு. நான் சுரண்டியதால் ஒரு பக்கம் வேகமாக உலர்ந்தது, மறுபக்கம் ஈரமாகவே இருந்தது. நாலாம் வாரம் ஒரு மதியத்தில் "டக்" என்று ஒரு சத்தம். தோளிலிருந்து வயிற்றின் பாதி வரை விரிசல்.

அம்மா பார்த்துவிட்டுச் சொன்னது: "தினமும் கையை வெச்சு வெச்சுப் பார்த்தா அது எப்படிடா காயும்?"

மூன்றாவது காயை அதனால்தான் தொடவில்லை. வாரம் ஒருமுறை எடை பார்த்தேன், அவ்வளவுதான். பறித்த அன்று 2.6 கிலோ. மூன்றாம் மாதம் 900 கிராம். ஐந்தாம் மாதக் கடைசியில் 270 கிராம். அதற்கப்புறம் இரண்டு வாரமாக முள் அசையவில்லை. உலுக்கினால் விதை சலசலத்தது. விதைச் சத்தம் வந்தால் காய்ந்தது என்பது பொது விதிதான், ஆனால் விதை பஞ்சோடு ஒட்டிக்கொண்ட காயில் சத்தமே வராது. எடை ஏமாற்றாது. தராசை நம்புங்கள்.

நாலாவது, கடைசியில் காய்த்த சின்னது. அதை ஜப்பானிய முறைப்படி தண்ணீரில் போட்டேன். காம்புப் பக்கம் ஒரு துளை போட்டு, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, உள்ளே இருப்பதை அழுகவிட்டு வெளியே கொட்டிவிடும் முறை. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். படிக்க எளிதாக இருந்தது.

அமிழ்த்துவதே பெரும்பாடு. ஒரு செங்கல் வைத்தேன். செங்கலைத் தள்ளிவிட்டு மேலே வந்தது. இரண்டு செங்கல், குறுக்கே ஒரு கட்டை, அதன் மேல் கயிறு. அப்போதுதான் நீச்சல் பழகுகிறவர்கள் ஏன் இடுப்பில் சுரைப்புருடையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்தார்கள் என்று கைக்கே புரிந்தது. இந்த மிதப்பு சாதாரணம் இல்லை. சுரையின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஆனால் அமெரிக்கக் கண்டத்தில் சுமார் 10,000 ஆண்டு பழைய சுரை ஓடுகள் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. எப்படிப் போயிற்று? ஆசியாவிலிருந்து மனிதர் கையோடு போயிருக்கும் என்று 2005இல் வந்த மரபணு ஆய்வு சொன்னது. 2014இல் வந்த ஆய்வு, அவை ஆப்பிரிக்க வகைகளுக்கே நெருக்கமானவை, அட்லாண்டிக்கில் தானாக மிதந்தே போயிருக்கலாம் என்றது. கடல்நீரில் 200 நாளுக்கு மேல் மிதந்த காயின் விதை முளைத்ததைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சமுத்திரத்தைத் தாண்டியதை நான் இரண்டு செங்கலால் அடக்கப் பார்த்தேன்.

நாற்றம் ஐந்தாம் நாள் தொடங்கியது. பத்தாம் நாள் வாளியை வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு தூரம் கொண்டுபோனேன். செத்த எலி ஊறிய சாக்கடை என்று சொன்னால் எலிக்கு இழுக்கு. இருபதாம் நாள் கையுறை போட்டு எடுத்தேன். மேல்தோல் நனைந்த காகிதம் போலத் தானாக உரிந்து வந்தது. அடியில் வெளிர் மஞ்சளில் வழவழப்பான ஓடு. துளை வழியாக உள்ளே இருந்தது கஞ்சியாகக் கொட்டியது. இந்த மொத்த வேலையிலும் மிக அழகான ஓடு இதுதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் ஒரு வாரம், தினம் தண்ணீர் மாற்றி ஊறவைத்து, நிழலில் காய வைத்தேன். நாற்றம் போக மேலும் ஒரு மாதம். மாடியில் தனியாக வாழ்பவர் தவிர வேறு யாருக்கும் இந்த முறையைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இப்போது கையில் மூன்று. எங்கே வெட்டுவது? நான் அதிக நேரம் உட்கார்ந்து யோசித்தது இதைத்தான். சுரையில் அது என்ன பொருளாகும் என்பதை ரம்பம் படும் இடம்தான் முடிவு செய்கிறது. கழுத்து உச்சியை மட்டும் எடுத்தால் குடுக்கை. கழுத்தைப் பிடியாக விட்டு வயிற்றைச் சாய்வாகத் திறந்தால் அகப்பை. குறுக்கே அறுத்தால் கிண்ணம். துறவிகளின் பிச்சைப் பாத்திரத்துக்கு மனுதருமம் அனுமதிக்கும் பொருள்களில் மரம், மண், மூங்கிலோடு சுரையும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் பெரிய சுரையைப் பாதியாகப் பிளந்து மாட்டுத்தோல் போர்த்தி, 21 தந்தி கட்டினால் அது கோரா. அதே பகுதியின் பாலஃபோன் என்ற தட்டி இசைக்கும் கருவியில் மரச்சட்டங்களுக்கு அடியில் வரிசையாகச் சுரைகள் தொங்கும். அவற்றில் சிறு துளையிட்டு, சிலந்தி முட்டைக்கூட்டின் சவ்வை ஒட்டுவார்கள், ரீங்காரம் வர. பாம்பாட்டியின் மகுடியில் சுரை ஊதும் காற்றைத் தேக்கி அடியிலுள்ள இரண்டு குழல்களுக்கும் தருகிறது. வீணையின் கழுத்தடியில் தாங்கலாகத் தொங்கும் குடமும் சுரைதான். இன்று பலவற்றில் உலோகமும் காகிதக்கூழும் வந்துவிட்டன. நியூ கினியின் மலைநாட்டில் ஆண்கள் மெல்லிய நீளச் சுரையை உடுப்பாகவே அணிந்தார்கள். எங்கே என்று கேட்காதீர்கள்.

வெட்டுவதற்கு முன் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பஞ்சுத்தூளும் பூஞ்சணப் பொடியும் நெஞ்சைப் பிடிக்கும். முதல் வெட்டில் நான் போடவில்லை. இரண்டு நாள் இருமினேன்.

மூன்றாவது காயின் மேல்தோலை வெந்நீரில் நனைத்த துணி சுற்றி ஒரு மணி நேரம் ஊறவைத்து, பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளால் தேய்த்தேன். சுலபமாக வந்தது. கழுத்தை நுண்பல் ரம்பத்தால் அறுத்தேன். வாய் இரண்டரை செ.மீ. அகலம், ஓடு ஐந்து மில்லிமீட்டர் தடிப்பு. விதையைக் கொட்டி எடுத்து வைத்தாயிற்று. ஆனால் பஞ்சு? கை போகாத வாய்க்குள் ஓட்டோடு ஒட்டியிருக்கும் பஞ்சை எடுப்பது பொறுமையைச் சோதிக்கும். தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விட்டேன். நுனி வளைத்த கம்பியால் சுரண்டினேன். அப்புறம் ஒரு கைப்பிடி கூழாங்கல்லும் கொஞ்சம் சொரசொரப்பான மணலும் போட்டு, அரை வாசி தண்ணீர் விட்டு, கை ஓயும்வரை குலுக்கினேன். கொட்டினால் பழுப்புத் தண்ணீர். இப்படி ஏழு முறை.

நாக்கு நுனியில் அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு வைத்தேன். கடுங்கசப்பு. இது வெறும் ருசிப் பிரச்சினை இல்லை. வெள்ளரிக் குடும்பத்துக் காய்களில் குக்கர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் உண்டு. அது கூடினால் நஞ்சு. கசந்த சுரைச்சாற்றைக் குடித்து உயிரை விட்டவர்களே இருக்கிறார்கள். குடுக்கை வகைகளில் கசப்பு அதிகம் என்பதால், உள்சுவர் சுத்தமாகும்வரை அதில் வைத்த எதையும் குடிக்கக் கூடாது. தினம் தண்ணீர் மாற்றி வைத்ததில் பதினோராம் நாள்தான் கசப்பு தெரியாமல் போனது. பிறகு ஒரு வாரம் தலைகீழாகக் காய வைத்தேன்.

உள்பூச்சுக்குத் தேன்மெழுகு. 150 கிராமை நேரடி நெருப்பில் வைக்காமல், கொதிநீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கினேன். ஊற்றினேன். சுழற்ற ஆரம்பிக்கும் முன்பே கழுத்தில் கட்டியாக உறைந்துவிட்டது. ஓடு ஜில்லென்று இருந்ததுதான் காரணம். தலைமுடி உலர்த்தியால் வெளியிலிருந்து அரை மணி நேரம் சூடு காட்டி அந்தக் கட்டியை இறக்கினேன். மறுநாள் குடுக்கையை உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து, கைக்குச் சுடும் பதத்தில் மறுபடி ஊற்றி, எல்லாப் பக்கமும் உருட்டி, மிச்சத்தை வடித்தேன். 110 கிராம் திரும்ப வந்தது. ஆக நாற்பது கிராம் பூச்சு.

இதில் சூடான எதையும் ஊற்ற முடியாது. தேன்மெழுகு 62 முதல் 64 பாகையில் உருகிவிடும். ஆனால் அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே பக்கம் காலங்காலமாகச் சுரையில்தான் மாத்தே என்ற சூடான இலைப் பானத்தைக் குடிக்கிறார்கள். மாத்தே என்ற சொல்லே கெச்சுவா மொழியில் சுரைக்கிண்ணத்துக்கான பெயரிலிருந்து வந்தது. அவர்கள் மெழுகு பூசுவதில்லை, பழக்குகிறார்கள். குடித்து முடித்த ஈர இலைச் சக்கையைப் புதுச் சுரையில் அடைத்து ஒரு நாள் விட்டு, இளகிய சவ்வைக் கரண்டியால் சுரண்டி, காய வைத்து, மறுபடி. நாற்ற வாளியிலிருந்து வந்த நாலாவதை மேலே அறுத்துக் கோப்பையாக்கி அப்படித்தான் செய்தேன். என்னிடம் இருந்தது தேயிலைச் சக்கை. மூன்று முறை பழக்கியதும் உள்சுவர் கரும்பழுப்பாகி இறுகியது, கசப்பும் இல்லை. சூடான தேநீர் ஊற்றினால் கோப்பை கையைச் சுடவில்லை. ஒவ்வொரு முறையும் கழுவிக் கவிழ்த்துக் காய வைக்காவிட்டால் உள்ளே பூஞ்சணம் வந்துவிடும். ஒருமுறை மறந்தேன், மறுபடி முதலிலிருந்து பழக்கினேன்.

அந்தக் கோப்பையின் விளிம்பில் பற்றவைப்புக் கோலால் ஒரே ஒரு கோடு சுட்டேன். ஓட்டில் சூட்டுக்கோல் போகும் பதம் சுகமானது. மரத்தில் வரும் ரேகைத் தடங்கல் இதில் இல்லை. பெரு நாட்டின் வாகா பிரியேட்டாவில் 1946இல் தொல்லியலாளர் ஜூனியஸ் பேர்ட் நடத்திய அகழ்வில், முகங்கள் செதுக்கிய இரண்டு சின்னச் சுரைகள் கிடைத்தன. வயது நாலாயிரம் ஆண்டுக்கு மேல். என் கோடு நேராகக்கூட வரவில்லை.

விரிந்த இரண்டாவதைத்தான் எறிந்துவிடலாம் என்று இருந்தேன். ஆனால் ஆப்பிரிக்கச் சுரைக்கிண்ணங்களின் படங்களில் விரிசல்களை நூலால் தைத்திருப்பதைப் பார்த்தேன், மறைக்கவே இல்லை. சில தையல்கள் சித்திரத்தைவிட அழகு. சரி, முயன்று பார்ப்போம்.

முதலில் விரிசலின் முனையில் ஒன்றரை மில்லிமீட்டர் துளை ஒன்று. கண்ணாடியிலும் தகட்டிலும் போல, வட்டத் துளையில் முட்டினால் விரிசல் அங்கேயே நின்றுவிடும். பிறகு வயிற்றுக்கு மேலே குறுக்கே அறுத்துக் கிண்ணமாக்கினேன். அறுத்த கழுத்து நல்ல புனல் ஆனது. விரிசலின் இரு பக்கமும் ஆறு மில்லிமீட்டர் தள்ளி, சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் துளைகள். துளைகளை நேர்க்கோட்டில் போடாமல் ஒன்றுவிட்டு ஒன்று கொஞ்சம் ஏற்றி இறக்கிப் போட வேண்டும். நேராகப் போட்டால் துளைகளின் வரிசையிலேயே இன்னொரு விரிசல் விடும். முதல் நாலு துளையை நேராகப் போட்ட பிறகுதான் இது உறைத்தது. நல்லவேளை, விடவில்லை.

தைப்பதற்கு முன் ஓட்டை ஈரத்துணியில் சுற்றி ஓர் இரவு வைத்தேன். உலர்ந்த ஓட்டை இழுத்தால் நொறுங்கும், ஈர ஓடு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். மெழுகு ஏற்றிய தடித்த பருத்தி நூலால் பெருக்கல் குறியாகத் தைத்து, ஒவ்வொரு தையலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். மூன்று மில்லிமீட்டர் இடைவெளி தலைமுடி அளவுக்குச் சுருங்கியது. வெளிப்பக்கத் தையல் மேல் தேன்மெழுகோடு எட்டில் ஒரு பங்கு குங்கிலியம் உருக்கித் தடவினேன். வெறும் மெழுகு வெயிலில் இளகும், குங்கிலியம் சேர்ந்தால் இறுகி நிற்கும். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கசியவில்லை. இருந்தாலும் நான் போட்ட நாலு நேர்த் துளையை நம்பி அதில் தண்ணீர் வைப்பதில்லை. மூன்றாவது காயின் விதைகளைப் போட்டு வைத்திருக்கிறேன். மூன்றில் பார்க்க எனக்குப் பிடித்தது இதுதான்.

குடுக்கைக்கு மூடி மட்டும் பாக்கி இருந்தது. கடைத் தக்கை எதுவும் வாய்க்குப் பொருந்தவில்லை. வாய் சரியான வட்டமில்லை. மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரின் நடுத்தண்டை வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, கூம்பாக்கி அடைத்தேன். ஓரமாகக் கசிந்தது. அழுத்தித் திருகினேன், அப்படியும் ஒரு சொட்டு. இருக்கட்டும் என்று தண்ணீரோடு இரவு தொங்கவிட்டேன். காலையில் கசிவு சுத்தமாக நின்றிருந்தது: தண்டு தண்ணீரைக் குடித்து ஊதி, வாயை இறுகப் பிடித்துவிட்டது. நேற்றிலிருந்து திருகிப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. உள்ளே ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் இருக்கிறது. மேலும் இழுத்தால் கழுத்து முறியும், அதனால் தண்டு காயும்வரை வெயிலில் வைத்திருக்கிறேன்.